கேரேஜ் கதவு வழியே நுழையும் வெப்பம்: தில்லி வீடுகளில் மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி?

புதுதில்லி: தலைநகர் தில்லியின் மின்தேவை 2024-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று 8,656 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. கோடைக்கால மின்தேவையின் பெரும்பங்கு வீடுகளையும் அலுவலகங்களையும் குளிர்விப்பதற்கே செலவாகிறது. குளிர்சாதனத்தின் திறனைக் கூட்டுவதற்கு முன், வெப்பம் வீட்டுக்குள் நுழையும் வழிகளை அடைப்பதே சிக்கனமானது. அவ்வழிகளுள் பலரும் கவனிக்கத் தவறுவது, கார் நிறுத்தும் அறையின் இரும்புக் கதவு.

இக்கதவுக்கு வெப்பக்காப்பு அமைப்பது எப்போது பயன் தரும், எப்போது வீண்செலவாகும், எவ்வளவு மிச்சமாகும், எவற்றில் எச்சரிக்கை தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சலுகையின் எல்லைக்கோடு

தில்லியில் 2019 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள மானியத் திட்டத்தின்படி, மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட் வரை பயன்படுத்துவோருக்குக் கட்டணத்தில் பாதி, 800 ரூபாய் உச்சவரம்புடன், மானியமாகக் கிடைக்கிறது. பயன்பாடு 400 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதத்திற்கு மானியம் முற்றிலும் இல்லை. 2022 அக்டோபர் முதல், விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே இச்சலுகை வழங்கப்படுகிறது.

எனவே 410 யூனிட் செலவிடும் குடும்பம் அதை 390-ஆகக் குறைத்தால், மிச்சமாவது 20 யூனிட்டின் விலை மட்டும் அன்று. 800 ரூபாய் வரையிலான மானியமும் கைவிட்டுப் போகாமல் நிற்கும். சிறு சேமிப்புகள் தில்லியில் பெரிதாவது இதனால்தான்.

இரும்புத் தகடும் வெப்பமும்

வெப்பத்தை விரைந்து கடத்தும் பொருள்களுள் இரும்பு ஒன்று. ஒற்றைத் தகட்டால் ஆன ஷட்டர், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டில் ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தை உள்ளே விடுகிறது. அதன் பின்னால் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள தெர்மாகோல் வகைப் பலகை இருந்தால் இந்த அளவு சுமார் 1.1 வாட்டாகக் குறைகிறது. வெப்பத்தைத் தடுப்பது பலகைக்குள் அடைபட்டு அசையாதிருக்கும் காற்றே.

ஐந்து சதுர மீட்டர் பரப்புள்ள கதவை எடுத்துக்கொள்வோம். வெளியே 45 டிகிரி, உள்ளே 30 டிகிரி செல்சியஸ் எனில், வெறும் தகட்டின் வழியே சுமார் 440 வாட் வெப்பம் நுழையும். வெப்பக்காப்புக்குப் பின் அது 85 வாட் அளவுக்குக் குறையும். இந்த வேறுபாடு, ஒரு டன் திறனுள்ள ஏசி வெளியேற்றும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு. அதை வெளியேற்ற ஏசிக்குச் சுமார் 100 வாட் மின்சாரம் தேவை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எனக் கொண்டால் மாதத்திற்கு ஏறத்தாழ 24 யூனிட் மிச்சமாகும். இது கடும் கோடையின் பகல்நேரக் கணக்கு. மற்ற மாதங்களில் சேமிப்பு குறைவாகவே இருக்கும்.

எந்த வீட்டுக்குப் பொருந்தும்?

மேற்கண்ட கணக்கு, கதவுக்குப் பின்னுள்ள அறை குளிர்விக்கப்பட்டால் மட்டுமே பொருந்தும். தில்லியின் பல குடியிருப்புகளில் கேரேஜ், அலுவலக அறையாகவோ, தையல் கூடமாகவோ, மாணவர்களின் படிப்பறையாகவோ மாறியிருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்ககங்களுடன் கட்டப்பட்ட ஸ்கூட்டர் கேரேஜ்களிலும் இத்தகைய பயன்பாட்டைக் காணலாம். இத்தகைய அறைகளுக்கு ஷட்டர் காப்பு பயன் தரும்.

கேரேஜில் வாகனம் மட்டுமே நிற்கிறது, ஆனால் அதன் பக்கத்துச் சுவருக்கு அப்பால் படுக்கையறை இருக்கிறது என்றால், கதவைவிட அந்த இடைச்சுவரையும் அதிலுள்ள கதவின் இடுக்குகளையும் கவனிப்பது நல்லது. தூண்களின் மேல் எழுப்பப்பட்ட 'ஸ்டில்ட்' வாகனத் தளம் நான்கு பக்கமும் திறந்தது. அங்கு வாயிற்கதவுக்குக் காப்பு அமைப்பதில் பொருளில்லை. முதல் தளத்தில் வசிப்போர், அத்தளத்தின் அடிப்பகுதிக்கு, அதாவது வாகனத் தளத்தின் கூரைக்கு, காப்பு அமைப்பதே முறை.

மேல்தளத்தில் வசிப்போருக்கு முதலிடம் மொட்டைமாடிக்கே. நூறு சதுர மீட்டர் மாடி, மேற்சொன்ன கதவைப்போல் இருபது மடங்கு பரப்புடையது. நாள் முழுதும் வெயிலை நேராக வாங்குவது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்தல் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 1.2 வாட்டை மிஞ்சக் கூடாது என வரையறுக்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3 வாட்டுக்கு மேல் இருக்கும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் பூச்சு, மாடிக்கான எளிய முதற்படி.

அமைக்கும் முறைகள்

கதவின் வகையைப் பொறுத்து முறை மாறும்.

சுருண்டு மேலேறும் ரோலிங் ஷட்டரில் பலகைகளை ஒட்ட முடியாது, ஒட்டினால் சுருளாது. ஷட்டருக்குச் சற்று உட்புறமாகச் சட்டமிட்டு, காப்புப் பலகை பொருத்திய மடிப்புக் கதவை அமைக்கலாம். வாடகை வீடாயின், தரை வரை தொங்கும் கனத்த திரை போதும்.

இருபுறமும் திறக்கும் தகட்டுக் கதவுகளில், உட்புறச் சட்டங்களுக்கிடையே பலகைகளை அளவாக வெட்டிப் பொருத்தலாம். பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்புகளும் கிடைக்கின்றன. தாளின் பளபளப்பான பக்கத்தை ஒட்டி ஓர் அங்குலமேனும் காற்று இடைவெளி விட்டால்தான் அவை பயன் தரும். தகட்டோடு ஒட்டிவிட்டால் பயன் பெரிதும் குறையும்.

புதிதாகக் கதவு வாங்குவோர், பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பலகைக் கதவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே உள்ள தூக்குக் கதவில் எடை கூடினால் அதன் ஸ்பிரிங்கை மாற்றியமைக்க வேண்டும். மிகுந்த இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங்கைத் தொழிலறிந்தவரே தொட வேண்டும்.

எவ்வகைக் கதவாயினும் முதலில் செய்ய வேண்டியது இடுக்குகளை அடைப்பது. கீழ்விளிம்பில் ரப்பர் பட்டையும் பக்கங்களில் தூரிகைப் பட்டையும் பொருத்தினால் மே, ஜூன் மாதங்களில் வீசும் 'லூ' அனல்காற்றும் புழுதியும் உள்ளே வருவது குறையும். மேற்கு நோக்கிய ஷட்டருக்கு வெளிப்புறம் வெண்ணிறம் பூசுவதும், மூங்கில் தட்டி தொங்கவிடுவதும் செலவு குறைந்த வழிகள்.

எச்சரிக்கை தேவை

சாதாரண தெர்மாகோல் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகையைக் கக்கும். மின் ஸ்கூட்டருக்கு மின்னேற்றம் செய்யும் இடத்திலும், மின்பலகைக்கு அருகிலும் அதை மூடாமல் விடக் கூடாது. தீ பரவலைத் தடுக்கும் தரமுள்ள பலகையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் சிமெண்ட் பலகை அல்லது ஜிப்சம் பலகையால் மூட வேண்டும்.

பெட்ரோல், டீசல் வாகனம் நிற்கும் அறையைக் காற்றுப் புகாதவாறு அடைக்கக் கூடாது. வாகனப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தில்லியின் குளிர்காலத்தில், மூடிய அறையில் 'அங்கீட்டி' எனப்படும் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்குவோர் இவ்வாயுவால் உயிரிழக்கும் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. இடுக்குகள் அடைபட்ட அறையில் இவ்வபாயம் இன்னும் கூடும். எனவே தரைமட்டத்திலும் மேற்பகுதியிலும் காற்றுத் திறப்புகளை விட்டுவைப்பது கட்டாயம். அத்தகைய அறையில் கரியடுப்பை ஒருபோதும் மூட்டக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

பிற்பகல் மூன்று மணியளவில் மேற்கூரை, மேற்குச் சுவர், சன்னல், ஷட்டர் ஆகியவற்றின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தாலே எது அதிகம் சுடுகிறது என்பது விளங்கும். அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. வெப்பம் நுழையும் வழி அடைபட்ட அறையில், 24 டிகிரியோ அதற்கு மேலோ வைத்தாலும் உடலுக்கு இதமாகவே இருக்கும்.

பணிக்கு முன்னும் பின்னும், முந்தைய ஆண்டின் அதே மாத மின்கட்டணச் சீட்டுடன் யூனிட் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தால், செய்த செலவு பலன் தந்ததா என்பதை ஒரே கோடையில் அறிந்துகொள்ளலாம்.