பொன்வண்டும் எந்திர வண்டும்

விளையாட்டுச் சாமான்களுக்கு வரலாறு எழுதுவது தமிழில் அவ்வளவாக வழக்கமில்லை. எழுதினாலும் பல்லாங்குழி, தாயம், பம்பரம் என்று ஒரு 'மரபு விளையாட்டு'ப் பட்டியல் போட்டு, 'அதெல்லாம் போச்சு' என்று பெருமூச்சு விட்டு முடித்துக்கொள்கிறோம். பெருமூச்சு வரலாறு ஆகாது. நான் இங்கு எடுத்துக்கொள்வது கொஞ்சம் கிறுக்குத்தனமாகக்கூடத் தோன்றலாம்: 1980களில் ஜப்பானில் உருவாகி அமெரிக்காவில் பெயர் மாற்றப்பட்ட, பூச்சியாகவும் எந்திர மனிதனாகவும் மடக்கி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பொம்மைகள். இன்று அவற்றைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவர்கள் பல நாடுகளில் உண்டு. கொங்குநாட்டுப் பருத்திக்காட்டிலும் கொறங்காட்டிலும் நின்றுகொண்டு அவற்றைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே என் கேள்வி.

டகாரா என்ற ஜப்பானிய நிறுவனம் 1980ல் 'டயாக்லோன்' என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. அதில் எந்திரங்கள் தாமாக இயங்குபவை அல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் விரல்நுனி அளவில் ஒரு ஓட்டுநர் பொம்மை உட்காரும். அந்த வரிசையில் சில பூச்சி எந்திரங்களும் இருந்தன. 1984ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டகாராவின் பொம்மைகளை வாங்கி, 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயரிட்டு, மார்வெல் நிறுவனத்தை வைத்துக் கதையும் எழுதவைத்தது. அந்தக் கதையில் ஓட்டுநர் தேவையில்லை; எந்திரங்களே உயிருள்ளவை, வேற்றுக் கிரகவாசிகள். பூச்சி எந்திரங்களுக்கு 'இன்செக்டிகான்' என்ற பெயர் கிடைத்தது. மான்கொம்பு வண்டு, காண்டாமிருக வண்டு, வெட்டுக்கிளி என மூன்று. பொம்மையின் மார்பில் ஓட்டுநர் உட்காருமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது, காலியாக.

இந்தக் காலி இருக்கை முக்கியமானது. சரக்கு தானே உயிர்பெற்று எழுந்து ஆடுவதாகத் தோன்றும் மாயத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதியதை நம் தோழர்கள் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறார்கள். அதற்கு இதைவிடக் கைக்கு அடக்கமான உதாரணம் கிடையாது. ஓட்டுகிறவனை வெளியே எடுத்துப் போட்டதும் எந்திரத்துக்கு ஆன்மா வந்துவிடுகிறது!

அமெரிக்காவில் அதே 1984ல்தான் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை ரீகன் அரசின் ஒலிபரப்பு ஆணையம் நீக்கியது. பொம்மைக்காகக் கதை, கதைக்காகப் பொம்மை, இரண்டுக்குமாகக் குழந்தை. கார்ட்டூன் தொடரின் 1984-85 பருவத்திலேயே இன்செக்டிகான்களுக்கென்று ஓர் அத்தியாயம் வருகிறது. அவை பயிரைத் தின்று அதையே ஆற்றலாக மாற்றிக்கொள்ளும். தம்மைத் தாமே பல நூறாகப் பெருக்கிக்கொள்ளும். சரி, எந்த நாட்டுப் பயிரைத் தின்கின்றன? அயோவா மாநிலத்து மக்காச்சோளத்தை அல்ல. கதை நடக்கும் இடம் இந்தோனேசியாவின் பாலித் தீவு. பூச்சித் தொல்லை என்றால் அது மூன்றாம் உலகத்து வயலில்தான் நிகழும், அதைத் தீர்க்க ஆட்கள் வெளியிலிருந்துதான் வருவார்கள் என்கிற சொல்லாடல் குழந்தைகளின் கார்ட்டூனுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். 'செவின்' என்ற பூச்சிமருந்துக்கான மூலப்பொருள் அது. பருத்திக்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. பாலித் தீவுக்குக் கற்பனைப் பூச்சி, போபாலுக்கு நிஜமான விஷம், இரண்டும் ஒரே குளிர்காலத்தில். இதை யாரும் திட்டமிட்டதாக நான் சொல்லவில்லை. ஒரே உலகத்திலிருந்து இரண்டும் வந்தன என்கிறேன்.

இப்போது கோயம்புத்தூருக்கு வருவோம். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906ல் இங்கே மாற்றப்பட்டது. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் 1914ல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 'பொருளாதார நோக்கில்' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். 1919ல் சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் வந்தது. டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940ல். காலனிய அரசுக்குப் பூச்சி என்பது நூற்பாலைக்குப் போகவேண்டிய பஞ்சை இடைமறிக்கிற எதிரி. (கோவையின் முதல் நூற்பாலை 1888ல் வந்தது, 1932ல் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் புற்றீசலாகப் பெருகின. பாருங்கள், உவமைக்கும் பூச்சிதான் வேண்டியிருக்கிறது.) காய்ப்புழுவுக்கு மருந்து, மருந்துக்குப் பழகிய காய்ப்புழு, அதற்கு இன்னும் கடுமையான மருந்து என்று போய், 2002ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுப்பதில் வந்து நின்றது. முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் போனவர்கள். அவர்களின் நுரையீரலுக்கு எந்தக் கையேடும் எழுதப்படவில்லை.

காண்டாமிருக வண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் அதன் நெருங்கிய உறவான கொம்பு வண்டு சிறுவர்களின் நாயகன். கோடைவிடுமுறையில் பிடிப்பார்கள், கூண்டில் வளர்ப்பார்கள், கடையில் காசு கொடுத்தும் வாங்குவார்கள். டகாராவும் அதன் போட்டியாளர்களும் அதை எந்திரமாக்கியது அந்தப் பிரியத்தை நம்பித்தான். பொள்ளாச்சித் தோப்புக்காரரிடம் அதே பொம்மையைக் காட்டினால், 'இது குருத்தைக் கொடையற வண்டுல்லங்க' என்று கம்பிக் கொக்கியைத்தான் தேடுவார். தென்னங்குருத்துக்குள் இறங்கும் அந்த வண்டைக் கொக்கியால் குத்தி வெளியே இழுப்பதும், எருக்குழியைக் கிளறி அதன் புழுக்களைப் பொறுக்குவதும் அங்கே வேலை, விளையாட்டல்ல. ஒரே கொம்பு, ஓரிடத்தில் வீரம், இன்னோரிடத்தில் சேதம். பொருளின் அர்த்தம் பொருளுக்குள் இல்லை என்பதற்குச் சசூரை மேற்கோள் காட்டத்தான் வேண்டுமா?

நம் பக்கத்துச் சிறுவர்களின் சேகரிப்பு பொன்வண்டு. காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே நிற்கும் வெள்வேல மரங்களில், மழைக்குப் பின் அது தட்டுப்படும். பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வைப்பார்கள்; முட்டை விட்டிருக்கிறதா என்று மணிக்கொருதரம் திறந்து பார்ப்பார்கள்; நூல் கட்டிப் பறக்கவிடுவார்கள். ஆடு மாடு மேய்க்கப்போன பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வாய்த்தது. அவர்களில் பலர் பண்ணையத்தில் வருசக் கூலிக்கு விடப்பட்ட அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) எழுதிக்காட்டியது அவர்களின் உலகத்தை. எனவே பொன்வண்டை 'கவலையற்ற கிராமத்துக் குழந்தைமை'யின் சின்னமாக்கும் கவிதைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். அந்தத் தீப்பெட்டியே சிவகாசி, சாத்தூர் பக்கத்தில் வேறு பிள்ளைகள் ஒட்டியதாக இருக்கலாம். 1986ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலைத் தடைப் பட்டியலில் வைத்தது, குடும்பத்தோடு வீட்டில் செய்தால் பரவாயில்லை என்று வாசலையும் திறந்துவைத்தது.

வால்டர் பெஞ்சமின் 1928ல் பொம்மைகளைப் பற்றி எழுதும்போது, பழைய ஜெர்மனியில் பொம்மை என்று தனித்தொழில் இருக்கவில்லை, தச்சனும் தகரக் கொல்லனும் தங்கள் வேலையின் ஓரத்தில் செய்தவையே அவை என்று காட்டினார். கோவைக்கு இது அப்படியே பொருந்தும். நடைவண்டி ஆசாரி வீட்டிலிருந்து வந்தது. பட்டறையில் தேய்ந்து கழித்த பேரிங்குகளை மாட்டி, பலகை அடித்து, தார்ரோட்டில் சத்தத்தோடு ஓடியது பேரிங் வண்டி. மோட்டார் பம்பும் வார்ப்படமும் லேத்தும் உள்ள ஊரில் ஒரு வண்டாக மாறும் பொம்மைக்கு அச்சு வெட்ட ஆளில்லாமல் போகவில்லை. அதை வாங்கும் குழந்தையை உருவாக்குகிற தொலைக்காட்சியும் சந்தையும்தான் அப்போது இங்கே இல்லை. எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987ல் ஃபன்ஸ்கூல் தொடங்கிய பின்னும் அந்தப் பெட்டிகள் யார் வீட்டு அலமாரிக்குப் போயின என்பது தெரிந்ததுதான்.

சேகரிப்பாளர்களிடம் திரும்புவோம். அவர்கள் அதிகம் தேடுவது கார்ட்டூனில் வந்த மூன்றையல்ல, வராத நான்கை. டகாடோகு என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் 'பீட்ராஸ்' என்ற பூச்சி எந்திர வரிசையைச் செய்து, 1984ல் நொடித்துப்போனது. அந்த நான்கு பொம்மைகளையும் ஹாஸ்ப்ரோ உரிமம் பெற்று 1985ல் டீலக்ஸ் இன்செக்டிகான்களாக விற்றது. டகாராவின் போட்டியாளர் செய்தது என்பதால் கார்ட்டூனில் அவற்றுக்கு இடமில்லை. கதையில்லாத பொம்மை, அதனாலேயே அரிது, அதனாலேயே விலை. சேகரிப்பாளன் பொருளைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்பது பெஞ்சமினின் எண்ணம். விடுவிக்கிறான்தான், ஆனால் பிரிக்காத பெட்டிக்கு ஒரு விலை, பிரித்த பெட்டிக்கு ஒரு விலை என்று பரிமாற்றத்திடம் மறுபடி கொண்டுபோய் ஒப்படைத்துவிடுகிறான். விளையாடப்படாத பொம்மைதான் அங்கே உசத்தி. பொன்வண்டை அப்படி வைத்திருக்க முடியாது, நாலு நாளில் செத்துப்போகும். அடுத்த மழைக்குத்தான் இன்னொன்று.

2018ல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக எதிரியென்று எண்ணப்பட்டவை இப்போது கண்ணாடிக்குப் பின்னால், ஊசி குத்தி, பெயர்ச்சீட்டோடு அழகாக இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்கவரி 2020ல் 60 சதமாகவும் 2023ல் 70 சதமாகவும் உயர்ந்துவிட்டது. கொறங்காட்டில் வெள்வேல மரத்தை வெட்டி மனைக்கல் நடுகிறார்கள். அதற்குத் தீர்வை என்னவென்று கேட்டால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் சொல்லுவார்கள்.