அறச்சங்கமும் கணக்கும்

அறம் தொடங்குதல் எளிது. தொடங்கிய அறத்தை வழிவழிக் காத்தலே அரிது. அக்காவலுக்கு வேலியாவது கணக்கு என்பதைப் பண்டையோர் நன்குணர்ந்திருந்தனர்.

உத்தரமேரூர்ச் சாசனங்கள் இரண்டு, முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்றன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலையால் ஆளைத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விதிக்கின்றன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலை இடப்பெறும் தகுதியிலர் என்பது அங்குக் காணப்படும் விதி. அப்பழி சுற்றத்தையும் சாருமென வைத்தமையால், பொதுப்பொருளை அவர்கள் எத்துணை அஞ்சிக் காத்தனர் என்பது விளங்கும்.

இக்காலத்து விதியும் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி, தருமம் முதலியன கருதிக் குறைந்தது எழுவர் கூடி, சங்கத்தின் பெயர், நோக்கம், நிர்வாகிகள் பெயர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவாளரிடம் சேர்த்தல் வேண்டும். சங்கம் கலைந்துழி, கடன் தீர எஞ்சிய பொருளை உறுப்பினர் பங்கிட்டுக் கொள்ளலாகாது. வேறொரு சங்கத்திற்கே அது சேரும். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தனிச்சட்டம், ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் ஒப்படைத்தலையும் கடமையாக்கிற்று.

பதிவு பெற்ற அளவில் கடமை தீர்ந்ததென மயங்குவார் பலர். கணக்குக் கேட்பாரைப் பகைவரெனக் கருதுவாரும் உளர். பதிவு சங்கத்தின் பிறப்பு. கணக்கே அதன் உயிர்ப்பு. பொருளீந்தார் மறைந்த பின்னரும் அவர் கருத்து நிலைபெறுவது அவ்வேட்டினாலேயாம். ஆதலின், அறங்காக்கும் அன்பர்கள் பிறர் கேளாமுன்னரே கணக்கைக் காட்டுவாராக.