சீனாவின் உழவர் தொழிலாளர்

கிராமத்துக் குடும்பப் பதிவை வைத்துக்கொண்டே ஆலை, கட்டுமானம், கடை என விவசாயமல்லாத வேலைகளில் உழைக்கும் சீனர்கள் 'நொங்மின்கொங்' எனப்படுகின்றனர். 2023-இல் இவர்கள் 29 கோடிக்கும் அதிகம்; அவர்களில் 17 கோடிக்கு மேற்பட்டோர் சொந்த வட்டாரத்துக்கு வெளியே வேலை செய்தனர்.

1958-இல் வந்த 'ஹுகோவ்' பதிவுமுறை மக்களைக் கிராமத்தார், நகரத்தார் எனப் பிரித்தது. பங்கீட்டுத் தானியம் நகரப் பதிவு உள்ளவர்களுக்கே கிடைத்ததால் உழவர் ஊரை விட்டு நகர வழியில்லை. 1978-க்குப் பின் கூட்டுப்பண்ணைகள் கலைந்து, நிலம் குடும்பவாரியாகப் பிரிந்தது. துண்டு நிலத்துக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான சென்ஜென்னுக்கும் முத்தாற்றுக் கழிமுகத்தின் மற்ற ஆலை நகரங்களுக்கும் சிச்சுவான், ஹூனான் போன்ற உள்மாகாணங்களின் இளைஞர்கள் திரண்டனர்.

அவர்கள் அனுப்பிய பணம் ஊரின் வரவையே மாற்றியது. 2015-இல் கிராமக் குடும்பங்களின் கூலி வருமானம், சொந்த விவசாயமும் தொழிலும் தந்த வருமானத்தை முந்தியது. அப்பணத்தில் மாடிவீடுகள் எழுந்தன. பலவற்றில் ஆண்டு முழுவதும் பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமே இருக்கின்றனர். பெற்றோர் சீனப் புத்தாண்டுக்கு வந்து திரும்புகின்றனர். தாய் தந்தையரில் ஒருவரையோ இருவரையுமோ பிரிந்து ஊரில் வளர்ந்த பிள்ளைகள் 6.1 கோடி என்று 2010 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிடப்பட்டது. நகரப் பதிவில்லாத பிள்ளைக்கு அங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம் என்பதே இப்பிரிவின் முக்கியக் காரணம். உழைப்பை ஏற்ற நகரம் உழைப்பவரின் குடும்பத்தை ஏற்கவில்லை. பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் கிராமத்தின் செலவாயின. இந்த அநீதியைக் கணக்கில் கொள்ளாமல் சீன ஆலைகளின் மலிவான உற்பத்தியை விளக்க முடியாது.

வயல்வேலை பெண்கள் மீதும் முதியவர்கள் மீதும் விழுந்தது. ஆள் போதாத ஊர்களில் இருபோகம் ஒருபோகமானது. சில நிலங்கள் தரிசாயின. ஆனாலும் நிலத்தை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. 2008 உலக நிதி நெருக்கடியில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வேலையிழந்தபோது அவர்களைத் தாங்கியது அந்தத் துண்டு நிலமே. நிலம் ஊருக்குப் பொது, விற்க முடியாது. 2014-இல் உடைமை, ஒப்பந்த உரிமை, சாகுபடி உரிமை மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும் கொள்கை வந்தபின், ஒப்பந்த உரிமையை இழக்காமலே பிறருக்குக் குத்தகைக்கு விடுவது எளிதானது.

முதல் தலைமுறைத் தொழிலாளர் இப்போது மூப்படைகின்றனர். 2023-இல் பத்தில் மூவர் 50 வயதைக் கடந்தவர்கள். 2009-இல் தொடங்கிய கிராம ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகை மாதம் 55 யுவான்தான். அது பின்னர் உயர்ந்தாலும் நகர ஓய்வூதியத்தை நெருங்கவில்லை. அதனால் அறுபதைத் தாண்டியவர்களும் கட்டுமான வேலைக்குச் செல்கின்றனர்.