28 வோல்ட், 65 வோல்ட்: அப்பல்லோ 13 கற்றுத்தந்த பாடம்

அப்பல்லோ 13 என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மூன்று விண்வெளி வீரர்கள் உயிர் பிழைத்துத் திரும்பிய கதைதான். 1995-ல் வந்த ஹாலிவுட் படமும் அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த விபத்துக்கான விதை ஐந்து வருடங்களுக்கு முன்பே தொழிற்சாலையில் விழுந்துவிட்டது. ஒரு சின்ன மாற்றம், கடைசி வரை போய்ச் சேராததுதான் அந்த விதை.

அப்பல்லோ விண்கலத்தை நாசாவுக்காகக் கட்டியது நார்த் அமெரிக்கன் நிறுவனம். ஆக்சிஜன் தொட்டிகளைச் செய்து கொடுத்தது பீச் ஏர்கிராஃப்ட். தொட்டிக்குள் கடுங்குளிரான ஆக்சிஜன் இருக்கும். அழுத்தம் குறையாமல் இருக்க ஒரு ஹீட்டர், கலக்கிவிட இரண்டு மின்விசிறிகள். சூடு சுமார் 27 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஹீட்டரை நிறுத்த தெர்மோஸ்டாட் சுவிட்சுகள். விண்கலத்தின் மின்சாரம் 28 வோல்ட் என்பதால் சுவிட்சுகளும் 28 வோல்ட்டுக்கே செய்யப்பட்டன.

1965-ல் ஒரு மாற்றம் வந்தது. ஏவுதளத்தில் தொட்டியின் அழுத்தத்தை ஏற்றும்போது 65 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று நார்த் அமெரிக்கன் விவரக்குறிப்பைத் திருத்தியது. ஆனால் சுவிட்சுகளை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பீச், நார்த் அமெரிக்கன், நாசா என மூன்று இடங்களிலும் காகிதங்களைச் சரிபார்த்தார்கள். மூன்று பேர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

சோதனையிலாவது தெரிந்திருக்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல். மூடிய நிலையில் அந்தச் சுவிட்ச் 65 வோல்ட்டைத் தாங்கிவிடும். மின்சாரம் ஓடும்போது அது திறக்க முயன்றால்தான் தீப்பொறி வந்து முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். தொட்டி எப்போதும் குளிராகவே இருந்ததால் சுவிட்ச் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. திறக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் பட்டியலில் இல்லை.

அடுத்து 1968 அக்டோபர். அப்பல்லோ 10-க்காகப் பொருத்தியிருந்த தொட்டிகளை, ஒரு திருத்தத்துக்காகத் தட்டோடு வெளியே எடுத்தார்கள். ஒரு போல்ட்டைக் கழற்ற மறந்துவிட்டதால் தட்டு சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. வெளியில் சேதம் எதுவும் தெரியவில்லை. திருத்தம் முடிந்து, அதே தொட்டி அப்பல்லோ 13-க்குப் போனது.

1970 மார்ச்சில் ஏவுதள ஒத்திகை முடிந்தபின் அந்தத் தொட்டியிலிருந்து ஆக்சிஜன் சரியாக வெளியேறவில்லை. 'ஹீட்டரைப் போட்டு ஆவியாக்கி வெளியேற்றலாம்' என்று முடிவானது. இது இரண்டாவது மாற்றம். வழக்கமான செய்முறையில் இல்லாத வேலை. முடிவெடுத்தவர்களில் சிலருக்குத் தொட்டியின் பழைய கதை தெரியாது. ஹீட்டர் சுமார் 8 மணி நேரம் 65 வோல்ட்டில் ஓடியது. முதன்முறையாகச் சுவிட்ச் திறக்க வேண்டிய நேரம் வந்தது. முனைகள் ஒட்டிக்கொண்டன. உள்ளே வெப்பம் 500 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஆனால் வெப்பமானி 27 டிகிரிக்கு மேல் காட்டாது. அதனால் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. மின்கம்பிகளின் டெஃப்லான் உறை மட்டும் கருகிப்போனது.

ஏப்ரல் 13. பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், வீரர்கள் வழக்கம்போல் மின்விசிறியைப் போட்டார்கள். தொட்டி வெடித்தது. லவெல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் நான்கு நாள் போராடி ஏப்ரல் 17-ல் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள்.

எட்கர் கோர்ட்ரைட் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்துக்கு ஒரு தனி மனிதரைக் காரணம் காட்டவில்லை. தவறுகளும், குறையுள்ள வடிவமைப்பும் சேர்ந்ததன் விளைவு என்றது. அடுத்த பயணங்களுக்கு முன் தொட்டியிலிருந்து மின்விசிறிகளும் தெர்மோஸ்டாட்டும் நீக்கப்பட்டன. மின்கம்பிகளுக்கு எஃகு உறை வந்தது. தனியாக மூன்றாவது தொட்டியும் சேர்ந்தது. 1971 ஜனவரி 31-ல் அப்பல்லோ 14 கிளம்பியது.

இன்றைய விமான, ராக்கெட் தொழிற்சாலைகளில் ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட ஏகப்பட்ட படிவங்கள், கையெழுத்துகள், மறுசோதனைகள் உண்டு. வெட்டி வேலை போலத் தோன்றலாம். ஆனால் 1965-ல் குறை காகிதத்தில் இல்லை. காகிதத்தில் 65 என்றுதான் எழுதியிருந்தது. அந்த 65 கடைசிச் சுவிட்ச் வரை போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆள் இல்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை படிவங்களும் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.