குவார்ட்டர்ஸ் தந்த ஊர்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் கதையைச் செங்கல் சூளையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1881-இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரைச் சூறையாடின. அத்தாப்புக் கூரைகள் போய்ச் செங்கல்லும் ஓடும் வரவேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளை போட்டார். ஊருக்குப் பெயர் வந்ததற்கு இந்த விளக்கம் போதும். தமிழர்கள் வந்ததற்குப் போதாது. அவர்களைக் கொண்டுவந்தது தண்டவாளம். கிள்ளான் பக்கம் 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியபின் இப்பகுதி ரயில்வேயின் பேட்டையாக வளர்ந்தது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் கிராணிகளாகவும் (எழுத்தர்களாகவும்) ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள்; தமிழகத்திலிருந்து வந்த பலர் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தார்கள். இரு சாராருக்கும் பொதுவானது ஒன்றுதான்: வீடு வேலையோடு வந்தது. பதவிக்கேற்ற குவார்ட்டர்ஸ், பணி முடிந்தால் சாவியைத் திருப்பித் தரவேண்டும். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவரைவிடத் தாம் ஒரு படி மேல் என்று நினைத்த கிராணிகள் உண்டு. குடியிருப்பு உரிமையைப் பொறுத்தவரை அந்தப் படி வெறும் தோற்றமே.

இந்த ஊர் பின்னாளில் கலைந்ததற்கு, குடியிருந்த வீட்டின்மீது உரிமை இல்லாததே முதல் காரணம் என்பது என் கணிப்பு. ரயில்வே நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' எனப்பட்ட வரிசை வீடுகளும் பின்னர் இடிபட்டன. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களிடம் நீட்டிக் காட்ட நிலப்பட்டா இல்லை. மாறாக, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில், சிங்களர் 1894-இல் தொடங்கிய சங்கத்தின் மகா விகாரை, விவேகானந்தா ஆசிரமம் ஆகியவை இன்றும் இருக்கின்றன. சமூகம் சங்கமாகச் சேர்ந்து தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது நின்றது. நிர்வாகம் கொடுத்தது போனது. ஆசிரமத்தையே 2014-இல் அடுக்குமாடித் திட்டம் நெருங்கியதே என்று கேட்கலாம். உண்மைதான், பட்டா மட்டும் காவலாகிவிடாது. ஆனால் அங்கே எதிர்த்து நிற்க ஓர் இடமும், திரண்டு வர ஒரு கூட்டமும் இருந்தன. குவார்ட்டர்ஸ்காரருக்கு நோட்டீஸ்தான் இருந்தது.

வசதி வந்ததும் மக்கள் தாமாகவே பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்று சொந்த வீடு தேடிப் போனார்கள், இதில் இழப்பென்ன என்று வாதிடுவோர் உண்டு. பலருக்கு அது பொருந்தும். அவர்கள் உழைத்துப் பெற்ற உயர்வை இழப்பு என்று சொல்வது அநியாயம். ஆனால் விரும்பிப் போவதும் இருக்க வழியில்லாமல் போவதும் வேறு வேறு. வசதி வந்தவர் போனபின் எஞ்சியவர் ஓய்வூதியர்களும் குறைந்த ஊதியக்காரர்களும். இடிப்பு அவர்கள்மீதே விழுந்தது. 2010 அக்டோபரில் இந்தியா, மலேசியா இரு நாட்டுப் பிரதமர்களும் இங்கே வந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தார்கள். பூக்கடையும் புடவைக்கடையும் வாழை இலைச் சாப்பாடும் அதனால் செழித்திருக்கலாம், நல்லதே. ஆனால் அது கடைத்தெருவுக்குக் கிடைத்த மரியாதை. குடியிருந்தவர்களுக்கு அதில் ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை.