கட்டிக்கும் சிகிச்சைக்கும் நடுவே: ஹார்லெமிலிருந்து நாஷ்வில் வரை ஒரு வரலாறு



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று அமைப்பாளர்கள் தொலைபேசியில் கேட்டபோது, புற்றுநோய் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இலக்கிய மேடையில் மருத்துவமா என்ற தயக்கம் எனக்குப் புரிந்தது. அதனால் என் சின்னம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

சின்னம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர். மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். “வலிக்கவே இல்லியே கண்ணு, வலிக்காததுக்கு எதுக்கு ஒருநாள் கூலிய வுடறது?” என்றார். வலி வந்தபிறகு போனார். படம் எடுப்பது ஒரு கட்டடம், சதை எடுப்பது இன்னொரு கட்டடம், முடிவு வாங்க வேறொரு தேதி. அந்தத் தேதிக்கு அவர் போகவில்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியவில்லை, கேட்டால் வைகிறார்கள் என்றார். எட்டு மாதத்தில் அவரைப் புதைத்தோம். துக்கத்துக்கு வந்த எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: அறியாமை. படித்த நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையை உடைத்தது ஹார்லெமின் வரலாறு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஒரு கறுப்பின மருத்துவர் உள்ளே நுழைகிறார்

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த வளாகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது ஹார்லெம். தெற்கு மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி வந்த கறுப்பின மக்கள் அந்த ஆண்டுகளில்தான் அங்கே பெருமளவில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஹார்லெம் மருத்துவமனை என்ற பொது மருத்துவமனை இருந்தது. நோயாளிகளாகக் கறுப்பின மக்கள் போகலாம். மருத்துவராக ஒருவரும் இல்லை.

1919இல் அந்தக் கதவைத் திறந்தவர் லூயிஸ் டி. ரைட். ஜார்ஜியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள மெஹாரி மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். மெஹாரி என்ற பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம். லூயிஸ் ரைட் ஹார்வர்டில் மருத்துவம் படித்தார். முதல் உலகப் போரில் நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டுத் திரும்பினார். அப்படிப்பட்டவரை வெளிநோயாளர் பிரிவின் கடைநிலைப் பதவியில் அமர்த்தியதற்கே வெள்ளை மருத்துவர்கள் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். தீண்டாமை எப்படி இயங்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1930இல் ஒரு சோதனை வந்தது. ரோசன்வால்டு என்ற பெரிய அறக்கட்டளை, நியூயார்க்கில் கறுப்பின மக்களுக்கென்று தனி மருத்துவமனை கட்டலாம் என்றது. ரைட் அதை எதிர்த்தார். கறுப்பின மருத்துவர்களில் ஒரு பகுதியினர் ரைட்டையே எதிர்த்தார்கள். தனி மருத்துவமனை வந்தால் தங்களுக்கு வேலையும் பயிற்சியும் கிடைக்குமே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரைட் கேட்டது பொது மருத்துவமனையில் சம உரிமை. தனிக் கிணறு வெட்டித் தருகிறோம், பொதுக் கிணற்றுக்கு வராதே என்ற பேச்சை நம் ஊர்களில் கேட்டவர்களுக்கு அவருடைய பிடிவாதம் புரியும்.

1930களின் நடுவிலிருந்து 1952இல் இறக்கும்வரை ரைட், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தார். 1946இல் பாபாசாகேப் அமெரிக்காவில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டார் அல்லவா? டு பாய்ஸ் அப்போது வேலை செய்தது இந்தச் சங்கத்தில்தான்.

1948: சேரிக்குள் ஓர் ஆய்வு மையம்

1948இல் ரைட் ஹார்லெம் மருத்துவமனையிலேயே புற்றுநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். ஏழைக் கறுப்பின மக்களுக்கு மருந்து கொடுத்தால் போதாதா, ஆய்வு எதற்கு என்று கேட்கக்கூடிய காலம் அது. மருந்தால் புற்றுநோயை மட்டுப்படுத்தலாம் என்பதையே பல மருத்துவர்கள் அப்போது நம்பவில்லை. அறுவையும் கதிர்வீச்சும்தான் சிகிச்சை.

1949இல் அவருடைய மகள் ஜேன் குக் ரைட் அங்கே சேர்ந்தார். அதுவரை இரத்தப் புற்றுநோயில் பயன்பட்ட ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகளை, மார்பகப் புற்றுநோய் போன்ற திடக் கட்டிகளிலும் தந்தையும் மகளும் பயன்படுத்திப் பார்த்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் அவற்றுள் ஒன்று. அது மார்பகப் புற்றுநோயில் வேலை செய்கிறது என்று 1951இல் காட்டினார்கள். இன்றும் அந்த மருந்து உலகெங்கும் பயன்படுகிறது. தந்தை இறந்தபோது ஜேன் அந்த மையத்தின் தலைமையை ஏற்றார். வயது 33. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படுகிறது என்று பார்க்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். 1964இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தை நிறுவிய ஏழு பேரில் ஒரே பெண் அவர்.

இதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவர் அனுமதி இல்லாமல் செல்களை எடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்தார். அவருடைய செல்கள் உலகின் ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசு சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் மேக நோய் கண்ட 399 பேருக்கு, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தரவில்லை. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டால் கறுப்பின மக்கள் பின்வாங்குகிறார்கள் என்று பிற்காலத்தில் பலர் குறைபட்டார்கள். பின்வாங்குவதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது.

எண்ணிக்கை பேசியது

ஹெரால்டு ஃப்ரீமன் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் 1967இல் ஹார்லெம் மருத்துவமனைக்கு வந்தார். கத்தியால் புற்றுநோயை அறுத்தெடுக்கலாம் என்று வந்தவர், அறுக்க முடியாத நிலையில் வரும் பெண்களைத்தான் அதிகம் பார்த்தார். 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கே சிகிச்சை பெற்ற 606 மார்பகப் புற்றுநோயாளிகளின் கணக்கை எடுத்தார். ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்திருந்தார்கள். முதல் கட்டத்தில் வந்தவர்கள் 6 சதவீதம். ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். பாதிப் பேருக்கு மருத்துவக் காப்பீடே இல்லை.

1990 ஜனவரியில் காலின் மெக்கார்டும் ஃப்ரீமனும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்லெமின் கறுப்பின ஆண் 65 வயதை எட்டும் வாய்ப்பு, வங்காளதேசத்து ஆணுக்கு இருப்பதைவிடக் குறைவு என்று அது காட்டியது. உலகின் பணக்கார நகரத்துக்குள் இருந்த நிலை இது.

ஃப்ரீமன் கணக்கோடு நிற்கவில்லை. 1979இலேயே ஸ்லோன் கெட்டரிங் என்ற பெரிய புற்றுநோய் நிறுவனத்தின் துணையோடு ஹார்லெமில் இலவச மார்பகப் பரிசோதனை மையம் தொடங்கியிருந்தது. பெண்கள் வந்தார்கள், கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர்களில் பலர் காணாமல் போனார்கள். சதைப் பரிசோதனைக்குத் தேதி, காப்பீட்டுக்குத் தாள், பிள்ளையை யாரிடம் விடுவது, வேலையில் விடுப்பு, புரியாத சொற்கள், பயம். கட்டியைக் கண்ட இடத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே இத்தனை பள்ளங்கள்.

1990இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் நிதியில் அவர் ஒரு எளிய ஏற்பாட்டைச் செய்தார். சந்தேகத்துக்குரிய முடிவு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ஊரையும் மக்களையும் தெரிந்தவராக, மருத்துவமனையின் உள்வழிகளைக் கற்றவராக இருந்தால் போதும். தாளை நிரப்புவார், தேதி வாங்குவார், கூடவே நிற்பார், வராவிட்டால் தேடிப் போவார். 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த 325 பேரின் கணக்கில், மிகத் தொடக்க நிலையில் வந்தவர்கள் 41 சதவீதம். முற்றிய நிலையில் வந்தவர்கள் 21 சதவீதம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 39இலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. பரிசோதனையும் வழிகாட்டியும் சேர்ந்து செய்த வேலை இது. அந்தக் காலத்தில் சிகிச்சை முறைகளும் மேம்பட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் நேரத்தோடு வந்தவருக்குத்தான் மேம்பட்ட சிகிச்சையாலும் பயன்.

இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோதுதான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். சின்னம்மாவுக்கு அறிவு குறைவாக இருக்கவில்லை. கட்டியை அவரேதான் கண்டுபிடித்தார். கூட நடக்க ஓர் ஆள் இல்லை.

2003இல் ஸ்லோன் கெட்டரிங்கும் ஹார்லெமின் நார்த் ஜெனரல் மருத்துவமனையும் இணைந்து, ஆடை நிறுவனர் ரால்ஃப் லாரனின் நிதியோடு ஒரு புற்றுநோய் மையத்தைத் திறந்தன. ஃப்ரீமன் அதை வழிநடத்தினார். 2005இல் வழிகாட்டிகளுக்காக அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் 2010இல் நார்த் ஜெனரல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. புற்றுநோய் மையம் பெரிய நிறுவனத்தின் கையில் தொடர்ந்தது. கூட்டு என்று பேசும்போது இதை மறக்கக் கூடாது. பணக்காரக் கூட்டாளி நிலைத்தார், ஹார்லெமின் கூட்டாளி இல்லாமல் போனார்.

நாஷ்வில்: கேள்வியை யார் கேட்பது?

இப்போது மெஹாரிக்கு வருவோம். 1876இல் தொடங்கிய கல்லூரி அது. 1910இல் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வந்தபின், ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் இரண்டுதான் தப்பின. ஒன்று ஹோவார்டு, மற்றொன்று மெஹாரி. அதே நாஷ்வில் நகரில் செல்வ வளம் மிக்க வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. உணவகங்களில் சம உரிமைக்கான உள்ளிருப்புப் போராட்டங்களுக்குப் பயிற்சி தந்ததற்காக 1960இல் ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின மாணவரை வெளியேற்றிய பல்கலைக்கழகம்.

1999இல் இவ்விரு நிறுவனங்களும் ஒரு கூட்டணி அமைத்தன. அதே ஆண்டு, சிறுபான்மையினர் மீதான புற்றுநோய்ச் சுமைக்கு ஏற்ற ஆய்வு நடக்கவில்லை என்று அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை சொன்னது. 2001இல் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறுபான்மையினருக்கான கல்வி நிறுவனமும் பெரிய புற்றுநோய் மையமும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், இரு தரப்பிலும் தலைமை ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். மெஹாரியும் வாண்டர்பில்ட்டும் இதில் இணைந்தன. பின்னர் கறுப்பினக் கல்வி நிறுவனமான டென்னசி மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது.

இதனால் என்ன விளைந்தது? ஒன்றைச் சொல்கிறேன். 2002இல் வாண்டர்பில்ட்டும் மெஹாரியும் சேர்ந்து தென்மாநிலச் சமூகத் தொடராய்வு என்ற ஒன்றைத் தொடங்கின. 12 மாநிலங்களில் சுமார் 86,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். பெரும்பாலோரை ஏழைகள் வரும் சமூக மருத்துவ நிலையங்களிலேயே சந்தித்துச் சேர்த்தார்கள்.

நுரையீரல் புற்றுநோயை ஸ்கேன் செய்து முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிந்துரை 2013இல் வந்தது. 55 வயது ஆகியிருக்க வேண்டும், நாளுக்கு ஒரு பெட்டி வீதம் 30 ஆண்டு புகைத்த அளவு இருக்க வேண்டும் என்றது விதி. இதற்கு அடிப்படையான பெரிய சோதனையில் 53,454 பேர் இருந்தார்கள். கறுப்பினத்தவர் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். ஆனால் கறுப்பினத்தவர் பொதுவாகக் குறைவாகப் புகைக்கிறார்கள், குறைந்த வயதிலேயே நோய் வருகிறது. 2019இல் நாஷ்வில் தொடராய்வின் தரவு இதைத் தெளிவாகக் காட்டியது. நுரையீரல் புற்றுநோய் வந்த புகைப்பழக்கத்தினரில், அந்த விதிப்படி பரிசோதனைக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடிய வெள்ளையர் 56 சதவீதம், கறுப்பினத்தவர் 32 சதவீதம். 2021இல் விதி மாறியது. வயது 50 ஆகவும், அளவு 20 ஆகவும் குறைந்தது.

2013இன் விதியில் யாரும் நிறத்தை எழுதவில்லை. எல்லோருக்கும் ஒரே விதிதான். நம்மைக் கணக்கில் சேர்க்காமல் எழுதிய பொது விதி நம்மை வெளியே நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நமக்கு என்ன

லூயிஸ் ரைட் தனி மருத்துவமனை வேண்டாம் என்றார். அவருடைய தந்தையை மருத்துவராக்கியது கறுப்பின மக்களுக்கென்றே இருந்த தனிக் கல்லூரி. இரண்டும் உண்மை. மெஹாரி என்ற சொந்த நிறுவனம் இல்லாதிருந்தால் வாண்டர்பில்ட்டோடு உட்கார்ந்து பேச மேசையின் மறுபக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்? நம்முடையது என்று ஒன்று இருக்கும்போதுதான் கூட்டு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. இல்லாவிட்டால் அவர்கள் ஆய்வாளர்கள், நாம் ஆய்வுப் பொருள்.

ஆகவே சமூகவியலும் மருத்துவமும் படிக்கும் மாணவர்களே, நாளை உங்கள் தெருவுக்கு ஓர் ஆய்வுக் குழு படிவத்தோடு வந்தால் கேளுங்கள். கேள்விகளை எழுதியது யார்? எங்கள் இரத்தமும் சதையும் தரவும் எங்கே போகின்றன, முடிவை எங்களிடம் வந்து சொல்வீர்களா? நிதி முடிந்த பிறகு இங்கே எது மிஞ்சும்? விரட்டுவதற்காகக் கேட்காதீர்கள், உள்ளே இருந்து பங்கு வாங்குவதற்காகக் கேளுங்கள். நீங்களே அந்தக் குழுவின் தலைமையில் இருக்கும் நாள் வரும்வரை கேளுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வழிகாட்டி வேலைக்குப் பட்டம் தேவையில்லை என்று ஹார்லெம் காட்டியிருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு சின்னம்மா கையில் சீட்டோடு எந்த வரிசை என்று தெரியாமல் நிற்பார். அவரோடு போய் நில்லுங்கள். முடிவு வாங்கும் தேதியை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.