ஸ்லோப்ரோ: கட்டை போட்டே கால் நூற்றாண்டு

ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு எழுதப் போறது சினிமாவும் இல்ல, அரசியலும் இல்ல. இளஞ்சிவப்பு நிறத்துல, எப்பவும் பாதித் தூக்கத்துல இருக்கிற மாதிரி முழிக்கிற ஒரு பிராணியைப் பத்தி. பேர் ஸ்லோப்ரோ. போக்கிமான் விளையாட்டுல 80ஆம் நம்பர். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் போக்கிமானா?"ன்னு வீட்டுல கேட்கிறதையே நீங்களும் கேட்பீங்கன்னு தெரியும். படிச்சிட்டுக் கேளுங்க :-)

டிஸ்கி: போக்கிமான்னா மஞ்சள் எலி மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு பத்தி விளக்கம். ஏற்கனவே ஆடினவங்க தாண்டிப் போயிடலாம்.

ஆளுக்கு ஆறு பிராணி. ஒரு நேரத்துல களத்துல ஒண்ணுதான் நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் நாலே நாலு வித்தை. ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு பேரும் ரகசியமா முடிவு பண்ணணும்: வித்தையைக் காட்டுறதா, இல்ல ஆளை மாத்துறதா? ரெண்டு பேர் முடிவும் ஒண்ணாத் திறக்கும், வேகமான பிராணி முதல்ல அடிக்கும். எதிராளியோட ஆறும் சுருண்டு விழுந்தா நாம ஜெயிச்சோம். நெருப்புக்குத் தண்ணி ஆகாது, தண்ணிக்கு மின்சாரம் ஆகாதுங்கிற மாதிரி பொருத்தங்கள் உண்டு. அவ்வளவுதான், இதுக்கு மேல தெரிஞ்சிக்க வேண்டியதைப் போற வழியில சொல்றேன்.

ஸ்லோபோக்னு ஒரு மந்த ஜீவன் ஆத்தங்கரையில வாலை விட்டு மீன் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். அடிச்சா வலி உறைக்கவே அதுக்கு அஞ்சு வினாடி ஆகும்னு விளையாட்டுக்குள்ள இருக்கிற குறிப்பேடே சொல்லுது. அதோட வாலை ஷெல்டர்ங்கிற ஒரு சிப்பி கவ்விப் பிடிச்சதும், எந்திரிச்சு ரெண்டு கால்ல நிக்க ஆரம்பிக்கும். அதுதான் ஸ்லோப்ரோ. தண்ணி, மனோசக்தின்னு ரெண்டு வகை சேர்ந்தது. தற்காப்பு 110, வேகம் வெறும் 30. இந்த ரெண்டு எண்ணும் 1996ல இருந்து மாறவே இல்ல. மாறினதெல்லாம் அதைச் சுத்தி இருந்த உலகம்தான். இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

1996 பிப்ரவரி 27, ஜப்பான். ரெட், கிரீன்னு ரெண்டு ஆட்டம் வெளிவருது. அப்போ ஒவ்வொரு பிராணிக்கும் அஞ்சு எண்தான்: உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம், ஸ்பெஷல். தண்ணி, நெருப்பு, மின்சாரம் மாதிரி வித்தைகளால அடிக்கிற பலமும், அந்த அடியைத் தாங்குற பலமும் இந்த ஸ்பெஷல்ங்கிற ஒரே எண்ணுல அடக்கம். பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ஒரே வேரியபிளை ரெண்டு வேலைக்குப் பயன்படுத்தி இருக்காங்க. இன்னிக்கு நான் அப்படி எழுதினா கோட் ரிவ்யூல கிழிச்சித் தொங்க விட்டுடுவாங்க. ஆனா ஸ்லோப்ரோவுக்கு அதுதான் ஜாக்பாட். அம்னீஷியான்னு அதுக்கு ஒரு வித்தை, ஒரு தடவை போட்டா ஸ்பெஷல் ரெண்டு மடங்காகும். முழுசாத் தயார் பண்ணின 100ஆம் நிலை ஸ்லோப்ரோவோட ஸ்பெஷல் 258. மூணு அம்னீஷியாவுல அது 999ல போய் முட்டும். அதுக்கு மேல ஏற எண்ணுலயே இடம் இல்ல. அடியும் பேயடி, அடிக்கும் அசையாது. உயிர் குறைஞ்சா ரெஸ்ட் போட்டு ரெண்டு சுற்று தூங்கி எந்திரிச்சா மறுபடியும் முழுசு.

அப்போ இதுதானே ராஜாவா இருந்திருக்கணும்? இல்ல. சனி வேற ரூபத்துல வந்துச்சு.

எதேச்சையா விழுற பலத்த அடிக்கு கிரிட்டிக்கல்னு பேர். முதல் தலைமுறையில அது விழுற வாய்ப்பை, அடிக்கிற பிராணியோட அடிப்படை வேகத்தை வச்சுக் கணக்குப் பண்ணினாங்க. வேகம் 30 இருக்கிற ஸ்லோப்ரோவுக்கு நூத்துக்கு ஆறு தடவை கூட விழாது. வேகம் 130 இருக்கிற ஜோல்டியான்ங்கிற மின்சார நரிக்கு நாலுல ஒண்ணு. இன்னொரு கொடுமை, கிரிட்டிக்கல் விழுந்தா நாம ஏத்தி வச்ச எல்லாத்தையும் அது கண்டுக்காது. மூணு சுற்று கஷ்டப்பட்டு சேர்த்த 999 அந்த ஒரு அடிக்கு மட்டும் பழைய 258 ஆயிடும். 999ல நிக்கும்போது ஜோல்டியானோட தண்டர்போல்ட் சாதாரணமா விழுந்தா சுமார் 80 புள்ளி போகும். அதே அடி கிரிட்டிக்கலா விழுந்தா 495க்குக் குறையாது. ஸ்லோப்ரோவோட மொத்த உயிரே 393தான். நாலு இடி வாங்கினா அதுல ஒண்ணாவது அப்படி விழ நூத்துக்கு 69 வாய்ப்பு. பக்கவாதம் வர வச்சு ஜோல்டியானை மெதுவாக்கினாலும் பிரயோஜனம் இல்ல. கணக்கு அடிப்படை வேகத்துலதான், இப்போதைய வேகத்துல இல்ல.

ஆக, மெதுவா இருக்கிறவனுக்கு ரெட்டை தண்டனை: கடைசியா அடிக்கணும், அதிர்ஷ்டமும் கம்மி. அந்தக் காலத்துல டாரஸ்னு ஒரு காளை கொடி கட்டிப் பறந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். அதோட வேகம் 110, அஞ்சுக்கு ஒண்ணுக்கு மேலயே கிரிட்டிக்கல்.

இதையெல்லாம் நான் தெரிஞ்சிக்கிட்டது புத்தகம் படிச்சு இல்லீங்க. காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட் ஒருத்தன் பழைய தலைமுறை ஆட்டங்களை பிரவுசர்லயே ஆடலாம்னு காட்டிக் கொடுத்தான். அவன் அடிதடி ஆள், நான் கட்டை போடுற ஆள். "டேய், இதெல்லாம் ஒரு ஆட்டமாடா, எதிர்ல இருக்கிறவன் தூங்கிடுவான்டா"ம்பான். கிரிக்கெட்லயும் நம்ம ஊர்ல இதே பஞ்சாயத்துதானே? சிக்ஸ் அடிச்சவனைத் தோள்ல தூக்குவோம், கட்டை போட்டவனைக் கொட்டாவி விட்டுக்கிட்டே பார்ப்போம். 2003 டிசம்பர் அடிலெய்டுல டிராவிட் 233, அடுத்த இன்னிங்ஸ்ல ஆட்டமிழக்காம 72ன்னு அடிச்சு ஜெயிச்சுக் கொடுத்த பிறகுதான் நிறைய பேருக்குக் கண்ணு தெறந்துச்சு.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். 1999 நவம்பர்ல ரெண்டாம் தலைமுறை வந்துச்சு. ஸ்பெஷலை ரெண்டாப் பிரிச்சாங்க, அடிக்க ஒண்ணு, தாங்க ஒண்ணு. வேரியபிள் பிரச்சினை தீர்ந்துச்சு, ஆனா அம்னீஷியா தாங்குற பக்கத்தை மட்டும்தான் ஏத்தும்னு ஆயிடுச்சு. கிரிட்டிக்கல் எல்லாருக்கும் கிட்டத்தட்ட 16ல ஒண்ணுன்னு சமமாச்சு. ஒரு கண்ணைக் கொடுத்து ஒரு கண்ணைப் பிடுங்கின கதை. போதாததுக்கு, மனோசக்தி வகைக்கு இருட்டும் பேயும் எதிரியா வந்துச்சு. முதல் தலைமுறையில மூணா இருந்த ஸ்லோப்ரோவோட பலவீனம் அஞ்சாச்சு.

2002ல வந்த மூணாம் தலைமுறைதான் எனக்குப் பிடிச்ச காலம். பயிற்சிப் புள்ளிகளுக்கு 510ன்னு உச்சவரம்பு வச்சாங்க. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முழுசா நிரப்பிக்கலாம், இப்போ எதுக்கு எவ்வளவுன்னு பட்ஜெட் போடணும். கூடவே குணம்னு ஒண்ணு சேர்ந்துச்சு. அது ஒரு எண்ணைப் பத்து சதவீதம் ஏத்தி இன்னொண்ணைப் பத்து சதவீதம் இறக்கும். ஸ்லோப்ரோ கையை ஓங்கி அடிக்கிற ஜாதியே இல்ல, தாக்குதல் எண் அதுக்கு எதுக்கு? அதை வித்துத் தற்காப்பை வாங்கலாம். அப்படிப் பண்ணினா 100ஆம் நிலையில தற்காப்பு 350 வரைக்கும் போகும். தற்காப்பு ஆட்டம் ஒரு கணக்குப் பாடமா மாறினது இங்கதான்.

ஆனா நாயகி வேற. மிலாட்டிக்னு ஒரு அழகு பாம்பு வந்துச்சு. ஒரே ஆத்துல ஆறே ஆறு கட்டத்துல மட்டும் கிடைக்கிற அவலட்சணமான மீனைப் பிடிச்சு, தின்பண்டம் ஊட்டி அழகாக்கினா மிலாட்டிக் ஆகும். ரிக்கவர்னு ஒரே சுற்றுல பாதி உயிரை மீட்குற வித்தை அதுக்கு இருந்துச்சு. ஸ்லோப்ரோ இன்னும் தூங்கி எந்திரிச்சிக்கிட்டு இருந்தது.

2006ல நாலாம் தலைமுறை வந்தப்போதான் அதுக்கும் ஸ்லாக் ஆஃப் கிடைச்சது, தூங்காமலே பாதி உயிர். சந்தோஷப்படுறதுக்குள்ள யூ-டர்ன்னு ஒண்ணு வந்துச்சு. அடிச்சிட்டு அப்படியே ஓடிப் போயிடுற பூச்சி வகை அடி. ஸ்லோப்ரோவுக்குப் பூச்சி ஆகாதுன்னு சொல்லணுமா? களத்துக்குள்ள வரும்போதெல்லாம் உடம்புல குத்துற ஸ்டெல்த் ராக் கல்லுங்களும் அப்பத்தான் வந்துச்சு.

2010. அஞ்சாம் தலைமுறை. எனக்குத் தெரிஞ்சு ஒரு தற்காப்பு ஆட்டக்காரனுக்குக் கிடைச்ச பெரிய வரம் இதுதான். ரீஜெனரேட்டர்னு ஒரு மறைஞ்ச குணம்: களத்தை விட்டு வெளியே போனாலே மூணுல ஒரு பங்கு உயிர் தானா வந்திடும். மொத்தம் 394ன்னா 131 புள்ளி சும்மா. உள்ளே வரும்போது அந்தக் கல்லு 49 எடுத்துக்கும், எடுத்துக்கட்டுமே, அப்பவும் 82 லாபம். அதுவரைக்கும் சுவர்னா நின்ன இடத்துல நிக்கணும். இப்போ சுவருக்கு நடக்கத் தெரியும். அதுகூடவே ஸ்கால்ட், அதாவது கொதிக்கிற தண்ணி. பத்துல மூணு தடவை எதிரிக்குத் தீக்காயம், தீக்காயம் பட்டா கையடியோட பலம் பாதி. முன்னெல்லாம் ஸ்லோப்ரோ முன்னாடி எவனோ ஒருத்தன் காலாட்டிக்கிட்டு வந்து நிப்பான். ஸ்கால்ட் வந்த பிறகு வர்றவன் ஒரு நிமிஷம் யோசிச்சான். எதிராளிங்க ஸ்கால்டைத் திட்டாத திட்டு இல்ல. அதுவரை கிரிட்டிக்கலை நாங்க திட்டினப்போ "விளையாட்டுன்னா அதிர்ஷ்டமும் இருக்கும்பா"ன்னு சொன்ன அதே ஆளுங்க!

2014 நவம்பர்ல வந்த மெகா ஸ்லோப்ரோவைப் பார்த்தா சிரிப்பு வரும். வாலைக் கவ்வின சிப்பி இப்போ உடம்பையே முழுங்கிடுச்சு, தலையும் கையும் மட்டும் வெளியே. தற்காப்பு 110ல இருந்து 180. ஷெல் ஆர்மர்னு ஒரு குணம், என்ன தெரியுமா? கிரிட்டிக்கல் விழவே விழாது. 1996ல பட்ட கடனை 18 வருஷம் கழிச்சு வட்டியோட திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. காம் மைண்ட் போட்டு ஏத்தினதை யாராலயும் ஒரே அடியில அழிக்க முடியாது. என்ன, மெகா ஆனா ரீஜெனரேட்டர் போயிடும், கையில மெகா கல்லைத் தவிர வேற எதுவும் வச்சிருக்க முடியாது. ஓசியில எதுவும் வராதுல்ல.

அப்புறம் 2016ல டாக்ஸாபெக்ஸ். விஷ முள்ளு கொட்டின கடல் ஜந்து. தற்காப்பு 152, ஸ்பெஷல் தற்காப்பு 142, அதுக்கும் ரீஜெனரேட்டர், ஸ்கால்ட், ரிக்கவர். போதாததுக்கு ஹேஸ்னு ஒரு புகை, எதிரி ஏத்தி வச்சதையெல்லாம் ஒரே ஊதுல அழிச்சிடும். ஸ்லோப்ரோவுக்கு வேலையே போச்சு. 2019ல எட்டாம் தலைமுறை வந்தப்போ பட்டியல்லயே பேர் இல்ல, 2020 ஜூன்ல வந்த கூடுதல் பகுதியிலதான் திரும்ப வந்துச்சு. வந்ததும் ஒரு புது உத்தி: ரெண்டு சுற்று கழிச்சு விழுற ஃப்யூச்சர் சைட் அடியை இப்பவே போட்டு வச்சிட்டு, எதிரியோட அடியை வாங்கிக்கிட்டு, டெலிபோர்ட்ல வெளியே போயிடுறது. பதிலுக்கு வர்ற ஆள் அடி படாம வந்து நிப்பான், போகும்போதே ஸ்லோப்ரோவுக்கு மூணுல ஒரு பங்கு உயிரும் திரும்பிடும்.

2022ல ஒன்பதாம் தலைமுறையில மறுபடி கத்தரிக்கோல். ரிக்கவர், ஸ்லாக் ஆஃப் எல்லாம் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 16 தடவைன்னு இருந்ததை 8 ஆக்கிட்டாங்க. டாக்ஸாபெக்ஸ் கையில இருந்த ஸ்கால்டையும் பிடுங்கியாச்சு. ஆட்டம் இழுத்துக்கிட்டே போகக் கூடாதுன்னு நினைச்சிருக்கலாம். நியாயம்தான். ஆனா அடிக்கிறவன் கையில இருந்து எதையாவது எடுக்கணும்னு யாருக்கும் தோணலையான்னு கேட்கத் தோணுது.

ஏன் இவ்வளவு வயித்தெரிச்சல்னா, நான் ஆபீஸ்ல பார்க்கிறது சப்போர்ட் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு எதுவும் விழாம பார்த்துக்கிறது. போன அப்ரைசல்ல "இந்த வருஷம் புதுசா என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க. "சார், எதுவும் நடக்கல, அதான் நான் பண்ணினது"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அவங்க படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. ரேட்டிங் என்ன வந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சிக்கோங்க.

அந்த வாரம்தான் ரூம்மேட் ரொம்ப நாள் கழிச்சு ஆன்லைன்ல வந்தான். முதல் தலைமுறை ஆட்டம். ஒரு மணி நேரம் இழுத்துச்சு. அவனோட சான்சிக்குப் பக்கவாதம் வர வச்சு, அது முன்னாடியே மூணு அம்னீஷியா போட்டு, ரெஸ்ட்ல தூங்கி எந்திரிச்சு, சான்சியையும் சாய்ச்சேன். என்கிட்ட ஸ்லோப்ரோ மட்டும், உயிர் 393, ஸ்பெஷல் 999. அவன்கிட்ட ஜோல்டியான் மட்டும். அவன் முதல்ல அடிப்பான், நாலுல மூணு பங்கு அது சாதாரண அடி. அதைத் தாங்கிட்டு நான் ஒரே ஒரு சர்ஃப் போட்டா அநேகமா முடிஞ்சது.

தண்டர்போல்ட். கிரிட்டிக்கல்.

அஞ்சு வினாடி கழிச்சுதான் எனக்கு உறைச்சது. "இன்னொரு ஆட்டம்?"னு டைப் பண்ணேன். அவன் பல்லைக் காட்டுற ஸ்மைலி ஒண்ணு அனுப்பினான். அதே ஆறு பேரைத்தான் மறுபடி இறக்கினேன்.